எடைக்கு எடை

இடிக்குதா சார்? இடிச்சா சொல்லிருங்க, சங்கடப்படாதீங்க. மூணு பேரு உக்காருற சீட்டுல நான் உக்காந்தா அது ரெண்டு பேரு சீட்டா ஆயிரும். எங்க ஊரு டவுன் பஸ்ஸுல கண்டக்டரே சொல்லுவான், "அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணரை டிக்கெட்டு போடணும்"ன்னு. நானும் சிரிச்சுக்கிடுவேன். ஸ்வீட் கடை வச்சிருக்கவன் ஒல்லியா இருந்தா எவன் சார் வாங்குவான்? முதலாளியே இதைத் திங்க மாட்டான் போலன்னுட்டுப் போயிருவான். எனக்கு இந்த உடம்புதான் விளம்பரம்.

மதுரைக்குத்தான? நாங்களும் மதுரைக்குத்தான். அந்தா, லேடீஸ் சீட்டுல பச்சைச் சேலை தெரியுதுல்லா, அவதான் எம் பொண்டாட்டி. சண்முகவடிவு. கொஞ்சம் மெதுவாப் பேசுதேன், அவளுக்குக் காது கூர்மை. சங்கரன்கோவில்ல ஏறும்போதே சொல்லித்தான் ஏத்துனா, "இங்க பாருங்க, வழியில யார்கிட்டயும் வீட்டுக் கதைய அவுத்து விடக்கூடாது"ன்னு. நான் எங்க சார் கதை சொல்லுதேன்? எங்க போறீங்கன்னு நீங்க கேட்டீங்க, பதில் சொல்லுதேன்.

மக டான்ஸ் ஆடுதா. இன்னைக்கிச் சாயங்காலம். மதுரை தாண்டி ஒரு கலைப்பள்ளியில தங்கிப் படிக்கா. பேரு வேண்டாம், நமக்கு எதுக்கு வம்பு. பாட்டு, பரதம், மிருதங்கம் எல்லாம் உண்டு, கூடவே பன்னெண்டாப்பும் உண்டு. ஒரே பிள்ளை. எங்கம்மை பேரு ஆவுடையம்மா. அந்தப் பேரத்தான் வைக்கணும்ன்னு நான் நின்னேன். வடிவு இந்தக் காலத்துப் பேரா ஒண்ணு வேணும்ன்னா. கடைசியில ஆவுடை தர்ஷினின்னு வச்சோம். வீட்டுல ஆவுடை, பள்ளிக்கூடத்துல தர்ஷினி. எனக்கு மட்டும் லட்டு. பொறக்கும்போதே அப்படித்தான் சார் இருந்தா, உருட்டி வச்ச மாதிரி. நர்சம்மா கொண்டாந்து கையில குடுத்ததும் நான் சொன்ன மொத வார்த்தையே, "ஏயப்பா, லட்டு"ன்னுதான்.

ஆட்டம்ன்னா அவளுக்கு உசுரு. நடக்கத் தெரிஞ்ச நாள்லருந்து ஆடுவா. பாட்டே வேண்டாம், நான் பூந்தி தேய்க்குத ஜாரணிக் கரண்டிய எண்ணெய்ச் சட்டியில தட்டுத சத்தம் போதும், அதுக்கு ஒரு ஆட்டம். ஊர்ல ஒரு டீச்சரம்மா சொல்லிக் குடுத்தாவ. "அண்ணாச்சி, இவளுக்குத் தாளம் ரத்தத்துல இருக்கு, நான் குடுத்ததில்ல"ன்னு அந்தம்மாவே சொன்னாவ. தாளம் ரத்தத்துல இருக்கோ என்னமோ, சீனி நம்ம ரத்தத்துல இருக்கு. எனக்கு, எங்கய்யாவுக்கு, எல்லாருக்கும். சரி, அத விடுங்க.

பிள்ளை மேல எனக்கு எம்புட்டுப் பிரியம்ன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. வருசா வருசம் பொறந்த நாளுக்கு அவளக் கடைக்குக் கூட்டிட்டு வந்து, மூட்டை நிறுக்குத தராசுல ஏத்துவேன். அவ எடைக்கு எடை லட்டு. பஸ் ஸ்டாண்டுல இருக்க டிரைவர், கண்டக்டர், பூக்காரம்மா, டீக்கடைக்காரரு அத்தனை பேருக்கும். கோயில்ல துலாபாரம் குடுக்காங்கல்லா, அது மாதிரி. கூட்டம் கூடிரும். முள்ளு ஏற ஏற எல்லாரும் "ஏறுது, ஏறுது!"ன்னு கை தட்டுவாங்க. நான் சத்தமா எடையச் சொல்லுவேன். "போன வருசத்தவிட இம்புட்டுக் கூடியிருக்கா!"ன்னு சொன்னதும் ஒரு விசில் பறக்கும் பாருங்க! எந்தத் தகப்பன் சார் செய்வான்? சின்னப் பிள்ளையில அவளும் தராசு மேல நின்னு குதிப்பா. பெரிய பிள்ளையானதுக்கப்புறம் ஒரு தடவ பாத்ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா. வெக்கம். பொம்பளப் பிள்ளைக்கு வெக்கம் வரத்தான செய்யும்? நான் விடுவனா? சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வந்து ஏத்திட்டேன். கூட்டம் காத்துக் கிடக்குல்லா.

பத்தாப்பு முடிச்சதும் இந்தக் கலைப்பள்ளியில சேத்தோம். சேக்கப் போன அன்னைக்கே எனக்கு ஒண்ணு பிடிக்கல. ஆடுத ஹால்ல சுவரு பூராக் கண்ணாடி. எங்கன திரும்புனாலும் நம்மதான் தெரியுதோம். நான் வடிவுகிட்டச் சொன்னேன், "ஏட்டி, இதுல நம்ம ரெண்டு பேரும் நின்னா கல்யாணக் கூட்டம் மாதிரில்லா தெரியுது"ன்னு. ஆவுடை சிரிக்கல. அப்பாவும் பிள்ளையும் எப்பவும் இப்படிக் கேலி பேசிக்கிடுததுதான். அன்னைக்கு என்னமோ தரையப் பாத்துட்டு நின்னா.

பரதம் சொல்லிக் குடுக்குதவங்க வசுமதி அக்கா. அங்க டீச்சர்ன்னு கூப்புடக்கூடாது, அக்காதான். ஒடிஞ்சு விழுத மாதிரி ஒரு உடம்பு. நல்ல மனுசிதான், பேச்சு பூப் போல. ஆனா பூவுலயும் முள்ளு இருக்கும்லா. ஆண்டு விழாவுக்கு வள்ளித் திருமணம் நாட்டிய நாடகம் போடுதோம்ன்னு சொல்லியிருக்காவ. நம்ம பிள்ளை வள்ளி வேஷத்துக்கு ராத்திரி பகல்ன்னு பாக்காமத் தயார் பண்ணியிருக்கா. ஒரு நாளு போன் வருது. "அப்பா, வேஷம் சொல்லிட்டாங்கப்பா."

"என்ன வேஷம் லட்டு?"

"யானை."

வள்ளி கதையில யானை எங்கன வருதுன்னு யோசிச்சேன். அப்புறம் கதை ஞாவகம் வந்துச்சு. வள்ளி முருகனக் கட்டிக்கிட மாட்டேங்கா. முருகன் அண்ணனக் கூப்புடுதாரு. பிள்ளையாரு யானையா வந்து மிரட்டுதாரு, வள்ளி பயந்து போயி முருகனக் கட்டிப் பிடிக்கா. அப்ப கதையே யானையாலதான நடக்குது? "ஏட்டி, பிள்ளையாரு வேஷம்லா உனக்கு! முழுமுதற் கடவுளு!"ன்னேன். போன்ல அவ அழுதுட்டா சார். சந்தோசத்துல பிள்ளைக்குப் பேச்சு வரலன்னு நெனச்சு எனக்கும் கண்ணு கலங்கிட்டு. மறுநாளே நெய்யில மோதகம் செஞ்சு, ஹாஸ்டல் பூராவுக்கும் காணுத மாதிரி அனுப்பி வச்சேன். டப்பா மேல எழுதச் சொன்னேன், "எங்கள் யானைக்கு"ன்னு.

ரெண்டு நாள் கழிச்சு ஹாஸ்டல் வார்டன் போன் போட்டு, இனிமே பலகாரம் அனுப்பாதீங்க சார்ங்காவ. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். என் பலகாரத்துல என்ன குறை? நெய்யில குறையா, பாகுல குறையா? நேரா மதுரைக்குப் பஸ் ஏறிட்டேன்.

வசுமதி அக்கா உக்கார வச்சு, காப்பி குடுத்து, அப்புறம் சொல்லுதாவ, "தர்ஷினிக்குத் திறமை இருக்கு சார். ஆனா மேடையில உடம்புக்கு ஒரு லைன் வேணும். வள்ளின்னா கொடி மாதிரி இருக்கணும். கொஞ்சம் சாப்பாட்டப் பாத்துக்கிட்டா நல்லது"ன்னு.

நான் விட்டேனா? "எம்மா, வள்ளி குறவர் வீட்டுப் பிள்ளை. தேனும் தினைமாவும் தின்னு வளந்தவ, மலை ஏறுதவ. அவ ஏன் கொடி மாதிரி இருக்கணும்?"ன்னு கேட்டேன். ஆவுடை வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு சார், நான் பாத்தேன். அப்பா நமக்காகப் பேசுதாருன்னு.

அதோட வந்திருக்கலாம். ஆனா நான் யாவாரி பாத்துக்கோங்க. பேசுன பேச்சுலயே எனக்கு ஒரு யோசனை உதிச்சுட்டு. தேனு, தினை! அங்க வச்சே ஆவுடைகிட்டச் சொன்னேன், "நீ கவலப்படாத லட்டு, அப்பா உன்ன மெலிய வச்சுக் காட்டுதேன்"ன்னு. அந்த வெளிச்சம் எங்கயோ போயிட்டு. பிள்ளைக்கு என் மேல நம்பிக்கை வரல போல.

இந்தா, ராஜபாளையம் வந்துட்டு. வெள்ளரிக்கா வேணுமா சார்? வேண்டாமா? எனக்கும் வேண்டாம். வடிவு பாக்கா.

எங்க விட்டேன்? ஆங், தினை லட்டு. சீனி கிடையாது, கருப்பட்டி. தினைய வறுத்துத் திரிச்சு, தேன் விட்டு, நெய் கையில தடவிக்கிட மட்டும். நான் ஒருத்தனே உக்காந்து பதம் பாத்துப் பாத்துச் செஞ்சேன். பேரு என்ன வச்சேன்னு நெனைக்கீங்க? "ஆவுடை ஸ்பெஷல்." வாரா வாரம் ஹாஸ்டலுக்கு ஒரு டப்பா போயிரும். வார்டன்கிட்ட இது பலகாரம் இல்லம்மா, மருந்துன்னு சொல்லிட்டேன்.

தீவாளிக்கு ஆவுடை ஊருக்கு வந்தா. பஸ்ஸ விட்டு இறங்குதா, எனக்கே அடையாளம் தெரியல. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, அப்படி மெலிஞ்சிருக்கா. பஸ் ஸ்டாண்டே கூடிட்டு. "அண்ணாச்சி, பிள்ளை என்னமா அழகாயிட்டா!" "நம்ம லட்டா இது?" பூக்காரம்மா திருஷ்டி கழிச்சுட்டா. நான் கேட்டேன், "என்ன லட்டு, அப்பா மருந்து வேலை செய்யுதா?" "ஆமாப்பா"ன்னா. அவ்வளவுதான். வீட்டுக்குள்ள போயிப் படுத்துட்டா. தீவாளி அன்னைக்கு இட்லி கூட வேண்டாம்ன்னுட்டா. வடிவு, "இது நல்லதுக்கில்லங்க, பிள்ளை கண்ணு சரியில்ல"ன்னா. வடிவு எப்பவும் அப்படித்தான். யாராவது திங்கலன்னா அவளுக்குத் தூக்கம் வராது. "உன்ன மாதிரி அவளும் ஊதணுமா?"ன்னு கேட்டேன். சும்மா வெளையாட்டுக்கு. அவளுக்கும் பழகிப்போச்சு.

அப்பதான் பிளெக்ஸ் போட்டேன்.

எதுக்கு சிரிக்கீங்க? இன்னும் சொல்லவே இல்லயே. கடைக்கு மேல பெரிய பிளெக்ஸ். ஒரு பக்கம் பொறந்த நாளுக்குத் தராசுல ஏறி நிக்காள்லா, அந்தப் போட்டோ. "அன்று." இன்னொரு பக்கம் தீவாளிக்கு எடுத்தது. "இன்று." நடுவுல, "உடம்பு குறைய ஆவுடை ஸ்பெஷல் தினை லட்டு! பரதக் கலைஞர் ஆவுடை தர்ஷினியே சாட்சி!" பிள்ளைக்கு எம்புட்டுப் பெருமை, நீங்களே சொல்லுங்க. எவளுக்கு சார் அந்த வயசுல பஸ் ஸ்டாண்டுல பிளெக்ஸ் வைக்காங்க? யாவாரமும் நல்லாப் போச்சு. தென்காசியிலருந்தெல்லாம் கேட்டு வந்தாங்க.

வடிவு எடுங்க எடுங்கன்னா. பொங்கல் வரைக்கும் கிடக்கட்டும்ன்னேன்.

எவனோ அதப் போட்டோ எடுத்து வாட்சப்புல விட்டிருக்கான். அது சுத்திச் சுத்தி அந்தக் கலைப்பள்ளிக்கே போயிட்டு. பிள்ளைங்க எல்லாரும் பாத்திருக்காங்க. அன்னைக்கு ஒத்திகை. நம்ம பிள்ளை தும்பிக்கைய மாட்டிட்டு ஹாலுக்குள்ள வந்திருக்கா. யாரோ ஒருத்தி, "அன்று, இன்று"ன்னு சொல்லியிருக்கா. சிரிப்பு. இவ ஒண்ணும் சொல்லலயாம். யானை நடைய ஆட ஆரம்பிச்சிருக்கா. நல்லா ஆடுனாளாம் சார், அந்தச் சிரிச்ச பிள்ளைங்களே சிரிப்ப நிறுத்திட்டாங்களாம். ஆடிக்கிட்டு இருக்கும்போதே அப்படியே சரிஞ்சு விழுந்துட்டா.

இருங்க சார். தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

நாங்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டிரிப்ஸ் ஏறிக்கிட்டு இருக்கு. அந்தப் போர்வைக்குள்ள ஆளே இல்லாத மாதிரி கிடக்கா. வடிவு அவ கால்மாட்டுல உக்காந்து காலப் பிடிச்சுக்கிட்டா, விடவே இல்ல. அவ கூட ரூமுல இருக்க பிள்ளை ஒருத்தி, பெனிட்டான்னு நாகர்கோவில் பக்கம், அவதான் தயங்கித் தயங்கிச் சொன்னா. தர்ஷினி மாசக் கணக்கா ஒழுங்காச் சாப்பிடலயாம். கேட்டா சாப்பிட்டாச்சும்பாளாம். நான் அனுப்புன டப்பா அத்தனையும் அலமாரிக்குள்ள பிரிக்காமக் கிடக்காம். ஒண்ணு கூட வாயில வைக்கல சார். அம்புட்டு வேலையும் எறும்புக்குத்தான் செஞ்சிருக்கேன்.

டாக்டரம்மா எங்கள ரூமுக்குக் கூப்புட்டாவ. சின்ன வயசுதான், ஆனா கண்ண நேராப் பாத்துப் பேசுதாவ. "இது ஒரு நோய். பிடிவாதம் இல்ல, ஸ்டைல் இல்ல. பிள்ளை சாப்பிடப் பயப்படுறா. குணமாகும், நாளாகும்"ன்னாவ. அப்புறம் என்னப் பாத்து, "வீட்டுல யாராவது அவளோட எடையப் பத்தி, உடம்பப் பத்திப் பேசுவீங்களா?"ன்னு கேட்டாவ.

"எங்க வீட்டுலயா? சேச்சே. ஒரு வார்த்தை பேச மாட்டோம் டாக்டர். நான் அவள லட்டுன்னுதான் கூப்புடுவேன்"ன்னேன்.

டாக்டரம்மா வடிவப் பாத்தாவ. வடிவு என்னப் பாத்தா. ரெண்டு பொம்பளைங்களும் கண்ணாலயே என்னத்தையோ பேசிக்கிட்டாங்க. எனக்குப் புரியல.

இன்னொரு கூத்தக் கேளுங்க. நர்சம்மா எடை பாக்கக் கூட்டிட்டுப் போனாவ. மூலையில சின்னதா ஒரு மிசின். அதப் பாத்ததும் பிள்ளை சுவரப் பிடிச்சுட்டு ஏற மாட்டேங்கா. நர்சம்மா, "நீ திரும்பி நில்லும்மா, நம்பரப் பாக்க வேண்டாம், நான் சத்தமாச் சொல்ல மாட்டேன்"ன்னு சொன்னதுக்கப்புறம்தான் ஏறுனா. ஒரு தராசக் கண்டு இப்படிப் பயப்படுதான்னா, அந்தப் பள்ளிக்கூடத்துல என்னத்தச் சொல்லி மிரட்டி வச்சிருக்காவ பாருங்க!

வடிவு அன்னைக்கே என்ன ஆஸ்பத்திரியில விட்டுட்டு ஊருக்குப் போனா, மாத்துத் துணி எடுத்துட்டு வாரேன்னு. மறுநாள் அவ திரும்பி வந்ததும் நான் ஊருக்குப் போயிப் பாக்கேன், கடைக்கு மேல வெறும் கம்பிச் சட்டம்தான் நிக்கி. ஏணி போட்டு ஏறி அவளே கிழிச்சிருக்கா. அந்த உடம்ப வச்சுக்கிட்டு ஏணியில! டீக்கடைக்காரரு சொல்லுதாரு, "அண்ணாச்சி, மதினி அழுதுக்கிட்டே கிழிச்சாவ, கிட்டப் போக பயமா இருந்துச்சு"ன்னு. நல்ல பிளெக்ஸ் சார். அஞ்சாறு வருசம் மழை வெயிலு தாங்கும்ன்னு சொல்லித்தான் குடுத்தான்.

அப்புறம் பிள்ளை வீட்டுக்கு வந்துட்டா. அந்த வருசம் விழாவுல அவ ஆடல. யானைக்கு வேற யாரையோ போட்டாவளாம். சாப்பாட்டு நேரம் வந்தா வடிவு தட்டுல கொஞ்சமாப் போட்டு, பக்கத்துல உக்காந்து, அவளும் அதையே சாப்பிடுவா. "தின்னு"ன்னு ஒரு தடவ சொல்ல மாட்டா. வேற என்னத்தையாவது பேசுவா, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்ட கதை, அவ பள்ளிக்கூடத்துல ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்ச கதை. எனக்கே தெரியாது சார், வடிவு ஓட்டப் பந்தயத்துல ஓடுனவன்னு. நான் நடுவுல போயி, "இன்னும் ஒரு இட்லி"ன்னு வாயத் திறந்தாப் போதும், பிள்ளை கைய உதறிட்டு எந்திரிச்சுருவா. கடைசியில என்னக் கடையிலயே சாப்பிடச் சொல்லிட்டாங்க. என் வீட்டுல எனக்கு எலை இல்ல.

ஒரு நாளு வசுமதி அக்கா வந்தாவ. பிள்ளையப் பாக்கணும்ன்னு பஸ் ஏறி வந்திருக்காவ. எனக்கு அதுவரைக்கும் அடக்கி வச்சதெல்லாம் பொங்கிட்டு. "வாங்க, வந்து பாருங்க. கொடி மாதிரி வேணும்ன்னு கேட்டீங்கல்லா? காஞ்ச கொடியா அனுப்பி வச்சீங்க. நீங்கதானம்மா எம் பிள்ளைய இப்படி ஆக்குனது!"ன்னு சத்தம் போட்டேன். அந்தம்மாவுக்குக் கண்ணுல தண்ணி ஊத்துது. எனக்கும் சந்தோசந்தான், சரியான கேள்வி கேட்டுட்டோம்ன்னு.

உள்ள இருந்து ஆவுடை வந்தா. "அப்பா, போதும். உக்காருங்க"ன்னா. நான் அந்தம்மா எதுத்தாப்புல இருந்த சேர இழுத்தேன். "அங்க இல்ல. அக்கா பக்கத்துல உக்காருங்க."

என்ன உக்கார வச்சுட்டா சார்! ஒரே பெஞ்சுல, அந்தம்மாவும் நானும், தப்புப் பண்ணுன பிள்ளைங்க மாதிரி.

"அக்கா, நீங்க என் லைனப் பத்திப் பேசுவீங்க. அப்பா, நீங்க என் எடையப் பத்திப் பேசுவீங்க. ரெண்டு பேரும் என் ஆட்டத்தப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை பேசல"ன்னா. சத்தமே இல்லாமத்தான் சொன்னா. "நான் திரும்ப ஆட வாரேன். ஆனா இனிமே என் உடம்பப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது. குண்டாயிட்டேன்னும் சொல்லக்கூடாது, மெலிஞ்சுட்டேன்னும் சொல்லக்கூடாது. தேறிட்டேன்னு கூடச் சொல்லக்கூடாது. லட்டுன்னு கூப்புடக்கூடாது."

வசுமதி அக்கா ஒடனே "சரிம்மா"ன்னுட்டாவ. எனக்குத் தாங்கல. அவங்க வேத்து மனுசி. நான் பெத்தவன். அவங்களையும் என்னையும் எப்படி ஒண்ணா வைக்கலாம்? அவங்க குறைச்சுப் பேசுனாங்க, நான் கொஞ்சிப் பேசுனேன். ரெண்டும் ஒண்ணா? நீங்களே சொல்லுங்க. நான் அதக் கேக்கலாம்ன்னு வாயத் திறந்தேன். வடிவு அடுக்களை வாசல்ல நிக்கா. கையில கரண்டி. "சரி"ன்னேன்.

கிருஷ்ணன்கோயில் தாண்டிட்டு. இனிமே சீக்கிரம் போயிருவான்.

ஜூன் மாசம் திரும்பப் போனா. அங்க கண்ணாடிக்கெல்லாம் இப்ப திரை போட்டிருக்காவளாம், வேணும்ங்குத நேரம் மட்டும் விலக்குதாவளாம். மாசம் ஒரு தடவ டாக்டரம்மாவப் பாக்கப் போறா. சில நாள் இன்னும் கஷ்டம்தான்னு வடிவு சொல்லுவா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன். வடிவு பேசி முடிச்சுட்டு என்கிட்டக் குடுப்பா. அப்பதான் சார் எனக்கு ஒரு விசயம் தெரிஞ்சுது. எனக்குப் பேச ஒண்ணுமே இல்ல.

சிரிக்காதீங்க. நீங்களும் யோசிச்சுப் பாருங்க. பிள்ளைகிட்ட நம்ம என்ன பேசுவோம்? சாப்பிட்டியா, என்ன சாப்பிட்ட, ஏன் கொரலு ஒரு மாதிரி இருக்கு, மெலிஞ்சுட்டியா. அதெல்லாம் எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? "ம், அப்புறம்?"ன்னு நான் கேப்பேன். "ஒண்ணுமில்லப்பா"ன்னு அவ சொல்லுவா. அங்கன மழையான்னு கேப்பேன். இல்லம்பா. வச்சுருவோம். பதினாறு வருசம் வளத்த பிள்ளைகிட்ட மழையப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கேன்.

போன மாசம் ஒரு நாளு, மழையும் கேட்டு முடிச்சாச்சு, வேற ஒண்ணும் தோணல. "விழாவுல என்னம்மா ஆடப் போற?"ன்னேன்.

"தில்லானாப்பா. தனியா."

"அதுல என்ன வேஷம்?"

"வேஷம் கிடையாதுப்பா."

"அப்படின்னா அது என்னது?"

பேச ஆரம்பிச்சா பாருங்க! தில்லானாவுல பெரிசாக் கதையே கிடையாதாம். வள்ளி, முருகன், யானை யாரும் வர வேண்டாமாம். சும்மா தாளத்தோட வெளையாடுததாம். தாளம் ஒரு பக்கம் போவுமாம், காலு வேணும்ன்னே வேற பக்கம் போவுமாம், எல்லாரும் விட்டுட்டான்னு நெனைக்குத நேரம் டக்குன்னு வந்து சேந்துக்கிடுமாம். அந்த எடத்துல மிருதங்கக்காரருக்கும் இவளுக்கும் சிரிப்பு வந்துருமாம். "தகதிமி தகஜுணு"ன்னு போன்லயே சொல்லிக் காட்டுதா. எனக்கு ஒரு எழவும் புரியல சார். ஆனா நான் போன வைக்கல. நடுவுல அவ சிரிச்சா. யாரையும் கேலி பண்ணாத ஒரு சிரிப்பு. நான் போன வடிவு காதுல கொண்டு போயி வச்சேன்.

வைக்கும்போது கேட்டா, "நீங்க வாரீங்களாப்பா?"ன்னு.

"வராம இருப்பனா?"

"ஆட்டம் முடிஞ்சதும் மேடைக்குப் பின்னால வருவீங்கல்லா, அப்ப என்ன சொல்லுவீங்க?"

"யோசிச்சு வச்சுட்டு வாங்க"ன்னு சொல்லி வச்சுட்டா.

அதான் சார் ஒரு மாசமா யோசிக்கேன். நீங்க படிச்சவரு மாதிரித் தெரியுது, ஒரு யோசனை சொல்லுங்களேன். ஆடி முடிச்ச பிள்ளைகிட்ட ஒரு தகப்பன் என்ன சொல்லணும்?

என்னது? காலு நல்லா வேலை செஞ்சுதுன்னா? காலும் உடம்புதான சார்? கண்ணு? அதுவும் உடம்புல சேத்திதான். கை, விரலு, கழுத்து, எல்லாம் உடம்பாத்தான இருக்கு! ஆட்டம்ன்னாலே உடம்புதான, அதத் தொடாம நான் என்னத்தச் சொல்ல? 'நல்லா ஆடுன'ன்னு சொல்லிரலாம்தான். சொல்லிப் பாத்தேன். அந்த வார்த்தைக்குப் பின்னால என் வாயி நிக்க மாட்டேங்கு. நல்லா ஆடுன, ஆனா கொஞ்சம் களைச்சாப்புல தெரியுதன்னு போயிருது. போச்சுல்லா.

வடிவுகிட்டக் கேட்டேன். "நீங்க எதுக்குச் சொல்லணும்? அவகிட்டக் கேளுங்க"ங்கா. "ஆடும்போது உனக்கு எப்படிம்மா இருந்துச்சு"ன்னு கேட்டுட்டு, அவ பதில் சொல்லி முடிக்குத வரைக்கும் வாய மூடிட்டு நிக்கணுமாம். அம்புட்டுதானாம். நல்ல யோசனைதான். நேத்து கடையில ஆளில்லாத நேரமாப் பாத்து ஒத்திகை பாத்தேன். கேள்வி சுத்தமா வருது சார். அதுல ஒரு பிசிறு இல்ல. அவ பேசவேண்டிய எடத்துலதான் நிக்க முடியல. எத்தன தடவ சொல்லிப் பாத்தாலும், அவளுக்குப் பதிலா நானே சொல்லிருதேன்.

"நல்லா இருந்துச்சுப்பா. பசிக்குது."